இடது முப்பத்தொன்பது, வலது முப்பத்தாறு

நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. சர்க்கரைதானே, நான் எடுத்துட்டு வர்றேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லம்மா. அந்த சாமான் அறைக்குள்ள நான் மட்டுந்தான் போவேன், எது எங்க கெடக்குன்னு வேற யாருக்கும் தெரியாது. கேட்டுச்சா, டக்குன்னு? என் கால் இரும்புல, முட்டிக்கிட்ட இருக்கற வளையம். எந்திரிச்சு நின்னா தானா இறங்கிப் பூட்டிக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வீட்டுக்குள்ள கேட்ட சத்தந்தானே.

இந்தாங்க. மூணு ஸ்பூனா? உங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு, ஹெர்மினா காபில சர்க்கரை போட மாட்டா, சர்க்கரைல காபிய ஊத்துவான்னு. கோவிச்சுக்காதீங்க, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சோடா வேணும்னா அந்த பாட்டில்ல இருக்கு. இந்த ரொட்டி உள்ள கசகசா வச்சது. கீழ கடையில வாங்கினேன், நான் சுட்டதில்ல. ஒரு ஆளுக்காக, ரெண்டு ஆளுக்காக, யாரு அடுப்ப மூட்டுறது.

ஆமா, எங்க வீட்டுக்காரரோட தொப்பிதான். யெனோ தீஸா ஆத்துப் பக்கம் போயிருக்காரு, மீன் பிடிக்க. சனிக்கிழமை ஆச்சுன்னா வீட்டுல கால் தங்காது. தொப்பி இல்லாமலா? மறந்துட்டுப் போயிட்டாரு. வயசாகுதில்ல. வருவாரு, எப்பன்னு சொல்ல முடியாது, மீனப் பொறுத்தது. அவருக்காக நீங்க காத்துக்கிட்டு இருக்கணும்னு இல்லம்மா. கார்ட்சாக்குக்கு நாலரைக்கு ஒரு ரயில் இருக்கு, அத விட்டா அடுத்தது ஊருக்கு ஊர் நின்னுக்கிட்டே போகும். பாருங்க, யாருகிட்ட ரயில் நேரம் சொல்லிட்டிருக்கேன். கார்ட்சாக் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுத்தவரோட சம்சாரத்துகிட்ட.

அந்த மீனா? உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா. புகை போட்டது கெடாம இருக்கும்னுதான் உங்க வீட்டுக்காரருகிட்ட அதையே குடுத்து விடுவேன். சொல்றேன் யெனோகிட்ட. சந்தோஷப்படுவாரு.

பைய மேசை மேலயே வைங்க. பரவால்ல, துணி அழுக்கானா தொவச்சுக்கலாம். எடுங்க வெளிய.

ம்.

வாருக்கெல்லாம் எண்ணெ போட்டிருக்கீங்க. நீங்களா? உங்க வீட்டுக்காரரு போனப்புறமா போட்டீங்க. இல்ல, ஏன்னு கேக்கல. தோலு காஞ்சு போச்சுன்னா வெடிச்சுரும், நல்லதுதான் பண்ணியிருக்கீங்க.

எனக்கு ஆகாதும்மா. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கீங்க, ஆகும்னு சொல்லத்தான் வாய் வருது. அவருக்கு இடது கால், எனக்கு வலது. இடதாவே இருந்திருந்தாலும் ஆகாது. கால்ல மாட்டுற இந்த இரும்பு காலிப்பர் இருக்கே, இது கோட்டு மாதிரியோ குடை மாதிரியோ இல்ல, ஒருத்தர் வச்சிருந்தத இன்னொருத்தர் எடுத்துக்கறதுக்கு. அவருக்கு அளவெடுக்கறப்ப நீங்க கூடப் போயிருக்கீங்களா? வெளிய பெஞ்சுல உக்கார வச்சிருப்பாங்க. உள்ள என்ன பண்ணுவாங்க தெரியுமா, ஒரு பெரிய காகிதத்து மேல கால நீட்டச் சொல்லி, பென்சில நட்டுக்குத்தலா புடிச்சு, கால சுத்திக் கோடு போடுவாங்க. கூசும். அப்புறம் அளக்கற காலிப்பர் வரும். ரெண்டு வளஞ்ச கால் வச்சது, நண்டுக் கொடுக்கு மாதிரி. கணுக்கால்ல வைப்பாங்க, கெண்டக்கால்ல, முட்டில, தொடையில. சில்லுன்னு இருக்கும். எனக்கு போலியோ வந்தது மூணு வயசுல. மொத தடவ அளந்தப்ப அஞ்சு வயசு, புதாபெஸ்ட்ல, அம்மா வெளிய, நான் உள்ள ஊரக் கூட்டிட்டு இருக்கேன். அளந்தவரு சொன்னாரு, பாப்பா இது கடிக்காது, நீ எவ்வளவு குண்டுன்னு கேக்குது, அவ்வளவுதான். அந்தக் காலு ஒண்ணும் குண்டா இல்ல. அது அவருக்கும் தெரியும்.

அளந்ததும் அந்தக் கொடுக்க மடக்க மாட்டாங்க. எவ்வளவு விரிஞ்சிருக்கோ அப்படியே பட்டறைக்குக் கொண்டு போயி, அந்த அகலத்துக்கு இரும்ப வளைப்பாங்க. அதனால நம்ம கால்ல மாட்டுற காலிப்பர் இருக்கே, அது நம்மள இன்னும் அளந்துக்கிட்டே இருக்கற மாதிரிதான். ராத்திரி கழட்டி வச்சாக்கூட அந்த அகலத்த மறக்காது. வேற ஆளு கால உள்ள விட்டா, யாரு நீன்னு கேக்கும். சும்மா சொல்லல, ஒரு தடவ ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் நிக்க முடியல.

இல்ல, ஆஸ்பத்திரிலயும் வாங்க மாட்டாங்க. வாங்குனாலும் மூலையில போடுவாங்க. பழைய இரும்பு எடுக்கறவன் எடுத்துக்குவான், எடை போட்டு. குடுக்காதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன். வீட்டுல எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும். அது என்ன சோறா கேக்குது.

என்ன, பூட்ஸயே பாக்கறீங்க? என்னோடதா? பாருங்க, நல்லாப் பாருங்க. அதே கறுப்பு, அதே தையல், குதிகால்ல கம்பி சொருகற அதே குழாய். உங்க வீட்டுக்காரரு கால்ல கெடந்த பூட்ஸ் இங்க சோல்னோக்ல ஒரு பொம்பள கால்லயும் கெடந்தா யாருக்குத்தான் உறுத்தாது. ஹெர்மினாம்மா, நீங்க இந்த இரும்புக்காக மட்டும் ரயிலேறி வரல. கேக்க வந்தத கேட்ருங்க.

சரி, நீங்க கேக்க வேண்டாம். நானே சொல்றேன்.

போலியோ வந்த காலு நல்ல காலோட சேந்து வளராது. எனக்கு நல்ல கால் இடது, முப்பத்தொன்பது. வலது முப்பத்தாறு. கடையில ஜோடி பிரிச்சுத் தர மாட்டாங்க. அப்ப ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஜோடி வாங்கணும், ஒண்ணொண்ணுல ஒண்ண தூக்கிப் போடணும். எங்கம்மா தூக்கிப் போட மாட்டாங்க. புது பூட்ஸ எப்படிடி எறியறதுன்னு என் கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சாங்க. எல்லாம் வலது முப்பத்தொன்பது, இடது முப்பத்தாறு. மண்ணே படாதது. படுத்துக்கிட்டு நெனச்சுப் பாப்பேன், எங்கயோ ஒருத்தர் இருக்கணும், அந்த ஆளு காலுக்குத்தான் இதெல்லாம் அடியில காத்துக் கெடக்குன்னு. சின்னப் புள்ளைல நெனச்சது.

அப்புறம் அம்மா போயிட்டாங்க. நான் பம்ப் பேக்டரில வேலைக்குச் சேந்துட்டேன். முப்பது வயசு இருக்கும். நவம்பர் மாசம், நடு மாசம், ரோடெல்லாம் சேறு. இங்க பெரிய கோயிலுக்குப் பின்னாடி அந்தச் செருப்புக் கடை. நான் உள்ள நுழையறேன், கடைக்காரம்மா என்னப் பாத்ததும் கைய எடுத்துக் கும்பிடாத குறைதான். அங்க பாருங்க, உங்கள மாதிரியே ஒரு ஆளு காலைலேர்ந்து என் உசுர வாங்கறாரு, ஜோடியப் பிரிச்சுக் குடு பிரிச்சுக் குடுன்னு, ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்கன்னாங்க. திரும்பறேன். பெஞ்சுல ரயில்வே கோட்டப் போட்டுக்கிட்டு, குட்டையா, இடது கால நீட்டிக்கிட்டு.

பக்கத்துல போயி உக்காந்தேன். வளையத்தத் தூக்கிவிட்டு மடக்குனேன், டக்குன்னு. அவரு என் முகத்தப் பாக்கல, முட்டியத்தான் பாத்தாரு. எந்தக் காலுன்னு கேட்டாரு. வலதுன்னேன். நல்ல காலு? முப்பத்தொன்பது. இது? முப்பத்தாறு. என் பூட்ஸ ஒரு தடவ பாத்தாரு, அவரு பூட்ஸ ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் அடக்க முடியாம சிரிச்சாரு பாருங்க, கடைக்காரம்மா பயந்துட்டாங்க. ஆம்பளைக்கு முப்பத்தொன்பதான்னு மட்டும் கேட்டுராதீங்கன்னாரு. பொம்பளைக்கு முப்பத்தொன்பதான்னு நீங்க கேக்கலன்னா நானும் கேக்கலன்னேன்.

அப்புறம் போட்டுப் பாக்கணுமில்ல. நான் குனிஞ்சு லேஸ அவுக்க ஆரம்பிச்சுட்டேன். அவரு கைய முட்டி மேல வச்சுக்கிட்டு அப்படியே இருக்காரு. உங்களுக்குத் தெரியும், எங்கள மாதிரி ஆளுங்க வெளி மனுசங்க முன்னாடி பூட்ஸக் கழட்ட மாட்டோம். சட்டைய வேணா கழட்டுவோம். அவரு என்னமோ கேட்டாரு, நான் என்னமோ சொன்னேன். அதுக்கப்புறந்தான் கழட்டுனாரு.

அவ்வளவுதாம்மா. ரெண்டு ஜோடி வாங்கினோம். ஒரு டப்பாவுல இடது முப்பத்தொன்பதும் வலது முப்பத்தாறும், எனக்கு. இன்னொன்னுல மத்த ரெண்டும், அவருக்கு. தூக்கிப் போட ஒண்ணுமே மிச்சமில்ல. டப்பாவ மூடறப்ப கடைக்காரம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. எதுக்குன்னு தெரியல.

அதுலேர்ந்து மார்ச்ல ஒரு நாள், நவம்பர்ல ஒரு நாள். மார்ச்ல கோடைக்கு, நவம்பர்ல பனிக்கு. கடை கை மாறிச்சு, ஆட்சி மாறிச்சு, வெளிநாட்டு பூட்ஸெல்லாம் வந்துச்சு, அந்த பெஞ்சு மட்டும் மாறல. எனக்கு அழகா பொம்பள செருப்பு வாங்கியிருக்கலாம். சிவப்புல ஒண்ணு இருந்துச்சு ஒரு வருஷம், பக்கிள் வச்சது. அத வாங்கினா மத்தத அவரு எப்படிப் போடுவாரு. சிவப்பு பக்கிள் பூட்ஸோட டிக்கெட் கவுண்ட்டர்ல. நெனச்சுப் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சோம். கறுப்பே வாங்கினோம்.

கடையில ஒரு மணி நேரம். அப்புறம் ஸ்டேஷன் காபிக்கடையில ஒரு மணி நேரம், ரயில் வர்ற வரைக்கும். இந்த வீட்டுக்கு அவரு வந்ததே இல்ல. இல்லம்மா, நான் கூப்பிடல. மாடிப்படி இருக்கே. அவருக்கும் கஷ்டம், எனக்கும். யெனோவப் பாத்ததே இல்லதான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு. ஷிப்ட்டு, காய்ச்சல், மீனு. அப்படியே போயிருச்சு.

என்ன பேசினோமா. முழுக்க இரும்பப் பத்தித்தான். நம்புங்க.

நீங்க ஞாபகம் வச்சிருப்பீங்க, ஒரு வருஷம் பிளாட்பாரத்துல பனியில விழுந்து தாடையக் கிழிச்சுக்கிட்டாரே. எல்லாரும் பனின்னாங்க. மார்ச்ல வந்தப்ப நான் பாத்தேன், நடக்கறப்ப முட்டிக்கிட்ட காலிப்பர் லேசா ஆடுது. பேக்டரில நான் செக்கிங்ல இருந்தேன். உக்காந்து பாக்கற வேல, அதனாலதான் குடுத்தாங்க. பம்ப்போட தண்டு வரும், வெர்னியர் அளவுகோல்ல புடிச்சுப் பாப்பேன், சரியா இருந்தா இந்தப் பக்கம், மயிரிழ தேஞ்சிருந்தா அந்தப் பக்கம். நாள் முழுக்க அதே. வெர்னியர் கைப்பையிலயே கெடக்கும், சில பொம்பளைங்க கண்ணாடி வச்சிருக்கற மாதிரி. காபிக்கடையில சொன்னேன், முட்டி ஆணிய எடுங்க பாப்போம்னு. எதுக்குன்னாரு. எடுங்கன்னேன். ஸ்பூன் காம்பால தட்டி எடுத்துக் குடுத்தாரு. ஆறு மில்லி இருக்க வேண்டிய ஆணி, நடுவுல அஞ்சு கூட இல்ல. அதுதான் அவரக் கீழ தள்ளுனது. பனி மேல பழி.

அதுலேர்ந்து அது ஒரு வழக்கமா ஆயிருச்சு. காபி வரும், அவரு ஆணிய எடுத்து சாசர்ல வைப்பாரு, நான் அளந்து சொல்லுவேன். இன்னும் ஒரு வருஷம் தாங்கும். இல்ல, இது பனிக்கு ஆகாது, மாத்துங்க. பக்கத்து மேசைல ஒரு கிழவரு ஒரு நாள் கேட்டாரு, என்னம்மா, நகையான்னு. ஆமா, கல்யாண மோதிரம்னாரு வெண்டெல்.

பேரச் சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரரு.

பரவால்லையா. சரி.

விளையாட்டுக்குச் சொன்னது அது. அவருக்கு எப்பவும் உங்க பேச்சுதான். ஹெர்மினா புது மரத்தரை போட்டிருக்கா, நான் நடந்தா கீறல் விழுதுன்னு வாசல்லேர்ந்து கட்டில் வரைக்கும் பழைய கம்பளத்த வெட்டி ரோடு போட்டிருக்கா, அந்த ரோட்ட விட்டு எறங்குனா அபராதம். அப்படிம்பாரு. எங்க வீட்டுல ரெண்டே ரெண்டு சத்தம், என் காலிப்பரும் அவ வாயும், ரெண்டுல ஒண்ணு நின்னாலும் எனக்குத் தூக்கம் வராதும்பாரு.

அழுங்க. நான் பாக்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்.

இந்த மார்ச்ல நான் போயி உக்காந்திருந்தேன். அவரு ஜனவரிலயே போயிட்டது எனக்கு எப்படித் தெரியும். நீங்க போன் பண்ணது போன வாரந்தானே. குத்தமாச் சொல்லல. என் நம்பரு இருக்குன்னு ஞாபகம் வந்து பண்ணீங்களே, அதுவே பெருசு. கடை மூடற வரைக்கும் இருந்தேன். இப்ப இருக்கற பொண்ணு நல்ல பொண்ணு, நாற்காலியெல்லாம் கவுத்து வச்சுட்டு, அம்மா, உங்க சார் வரலையான்னு கேட்டா. என் சார் இல்லம்மா, பூட்ஸோட சார்னேன்.

ஒரு நிமிஷம் அந்த இழுப்பறையத் திறங்க. உங்க கைக்கிட்டதான் இருக்கு. ஆமா, அதுதான் வெர்னியர். கனமாத்தான் இருக்கும். அத இப்படிக் குடுங்க. உங்க வீட்டுக்காரரோட காலிப்பரையும் கொஞ்சம் நகத்துங்க. ஒண்ணுமில்ல, கை பழக்கம். போன நவம்பர்ல பாத்தப்ப ஆணி ரொம்பத் தேஞ்சு போயிருந்துச்சு. கிறிஸ்மசுக்குள்ள மாத்திருங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். பாக்கலாம் பாக்கலாம்னு சிரிச்சாரு. மூச்சு வாங்கிட்டே இருந்துச்சு அவருக்கு அன்னிக்கு, நான் ஆணியப் பத்தியே பேசிட்டிருந்தேன்.

ஆறு.

இருங்க, திருப்பிப் பாக்கறேன். ஆறு. இந்த முனையிலயும் ஆறு, நடுவுலயும் ஆறு. புது ஆணி. மாத்தியிருக்காரு.

எப்ப? டிசம்பர்லயா. படுக்கையில கெடந்துக்கிட்டேயா. உங்கள சுத்தியல எடுத்துட்டு வரச் சொல்லி.

அதுக்கப்புறம் எந்திரிச்சு நடக்கவே இல்லையா.

அதான் தேயல.

சரி. நான் சொன்னதக் கேட்டிருக்காரு. இந்தாங்க, பையில வைங்க. இல்ல, வாருகளச் சுத்தி வைங்க, மடிஞ்சா வெடிக்கும்.

அது என்ன இன்னொரு பொட்டலம். ஓ. பிளம்ஸ் சாராயம். போன பருவத்துப் பழமா. யெனோவுக்கா. நவம்பர்ல யெனோ பேர்நாளுக்குத்தான் நீங்க எப்பவும் குடுத்து விடுவீங்க, மார்ச்ல கெடையாதே. இது மே மாசம்.

அவரு சொன்னாரா. எப்ப?

என்ன சொன்னாரு, இன்னொரு தரம் சொல்லுங்க. எதெல்காவப் பத்தி எனக்குக் கவலை இல்ல, அவளுக்கு யெனோ இருக்கான். இனிமே கடைக்கு அவன் கூடப் போகட்டும். என் பங்குக்கு ஒரு பாட்டில அவன் கையில குடுத்துரு.

என் பேரச் சொல்லி அப்படியா சொன்னாரு.

கையிலதான் குடுக்கணும்னாரா. நான் குடுத்துர்றேனேம்மா. வந்ததும் மொத வேலையா குடுத்துர்றேன். கோட்ட எதுக்குக் கழட்டுறீங்க, நாலரை ரயிலு. இல்ல, அடுத்தது ரொம்ப நேரமாகும், ஊருக்குப் போயிச் சேர்றதுக்கு இருட்டிரும். வீட்டுல யாரு இருக்கான்னா, ஆமா, எனக்குப் புரியுது. போனா கம்பளமும் சுவருந்தான். புரியுது. நீங்க எவ்வளவு நேரமானாலும் இருந்து, பாத்து, கையில குடுத்துட்டுத்தான் போவீங்க. அவரு கடைசியா சொன்னது.

மீன் பிடிக்கப் போனவங்க சில சமயம்.

இருங்க. காபி ஆறிப் போச்சு. வேற வைக்கறேன். கிண்ணத்துல சர்க்கரை தீந்து போச்சு பாருங்க, டப்பா உள்ள இருக்கு.

இல்ல. நீங்களே போயி எடுத்துட்டு வாங்க ஹெர்மினாம்மா. எனக்கு இன்னொரு தரம் எந்திரிக்கத் தோணல. விளக்கு சுவிட்ச் கதவுக்கு வெளிய, வலது கைப்பக்கம். சர்க்கரை கீழ் தட்டுல இருக்கும். மேல இருக்கற தட்டுல எல்லாம்...

ஆமா.

உங்க கையெழுத்துதான். வருஷம் போட்டு ஒட்டுனது நீங்க, உங்களுக்குத் தெரியாதா. யெனோவுக்குன்னு நீங்க குடுத்து விட்ட பாட்டில் எல்லாம் இருக்கு. மூலையில இருக்கறதுதான் மொத பாட்டில், கார்க்கு கொஞ்சம் உள்ள போயிருக்கும். மாசத்துக்கு ஒரு தரம் தூசி தட்டுவேன். ஒண்ணும் திறக்கல. திறக்க ஆளில்ல.

யெனோன்னு யாரும் இல்லம்மா.

அன்னிக்கு பெஞ்சுல அவரு கேட்டது அதுதான். வீட்டுல புருஷன் இருக்காரான்னு கேட்டாரு. எனக்கு ஊர்ல சம்சாரம் இருக்கா, உங்களுக்கும் ஒருத்தர் இருந்தா தப்பா யாரும் பேச மாட்டாங்கன்னாரு. கைய முட்டி மேல வச்சிக்கிட்டு. இல்லன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பாரு, அவரு அப்படி ஆளு. பூட்ஸ் டப்பா ரெண்டும் திறந்து கெடக்கு. எதிர் சுவத்துல காலண்டர். நம்ம காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பேரு இருக்குமே, அன்னிக்கு யாரு பேர்நாள்னு போட்டிருந்துச்சு, யெனோ. இருக்காருன்னேன், பேரு யெனோன்னேன். அட, இன்னிக்கு அவரு பேர்நாளாச்சேன்னு சொல்லிட்டே லேஸ அவுத்தாரு. அடுத்த நவம்பர்ல உங்க பாட்டிலோட வந்தாரு. அப்புறம் நான் என்ன செய்யறது. பதிலுக்கு மீன் குடுக்கணும்னு தோணுச்சு. சந்தையில ஒரு ஆளுகிட்ட வாங்குவேன், அவன் பிடிக்கறதும் இந்த ஆத்துலதான்.

அவருக்குத் தெரியாது. உங்ககிட்ட எதையும் மறைக்கல அவரு. அத நீங்க சந்தேகப்படக் கூடாதுன்னுதான் சொல்றேன். கோவம் வந்தா திட்டுங்க, உக்காந்து திட்டுங்க.

கடைக்கு இனிமே யாரும் வர வேண்டாம்மா, நான் பாத்துக்குவேன். மார்ச்ல அந்தப் பொண்ணு விளக்க அணைக்கறப்ப ரெண்டு ஜோடி வாங்கிட்டேன். பழக்கத்துல. வலது முப்பத்தொன்பதும் இடது முப்பத்தாறும் கட்டிலுக்கு அடியில இருக்கு. அம்மா வச்ச மாதிரியே.

ஏன் உள்ளயே நிக்கறீங்க. கேக்குதா நான் பேசறது.

அந்தத் தொப்பி கீழ் வீட்டு ஆளோடது. நேத்து போயி வாங்கிட்டு வந்தேன், நீங்க வர்றீங்கன்னு. ஆறு மணிக்கு அவரு சீட்டாடக் கிளம்புவாரு, அது இல்லாம போக மாட்டாரு. இறங்கறப்ப நீங்களே குடுத்துடறீங்களா? மொத மாடி, இடது பக்கக் கதவு. எனக்குப் படி எறங்கி ஏறணும்.

அவசரமில்ல. ஆறு மணிக்குத்தான்.